ஐந்து நகத்து நாகம்

தகரக் கதவில் யாரோ கல்லால் அடித்ததுபோல் சத்தம். மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மருதம்மாளின் கை நின்றது. பட்டப்பகலில் ஜப்பான்காரன்தான் இப்படித் தட்டுவான்.

வந்தவர் ஆ லியோங். திகாம் பத்து ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி; எல்லாருக்கும் தவுக்கே. சீனர்களைப் பிடிக்கிறார்கள் என்று குருண் பக்கத்துக் காட்டுக்கு ஓடியவர். இப்போது பாதி ஆளாக நின்றார்.

"பக்கிரி, நான் கொடுத்த மங்கு எடு. பெண்டாட்டிக்குக் காய்ச்சல். அது கொடுத்தா கொய்னா மருந்து கொடுக்க ஆள் இருக்கு லா."

மருதம்மாளின் கணவன் பக்கிரிசாமி சிரித்தபடி எழுந்தான். "உங்க நாகம் பத்திரமா இருக்கு தவுக்கே. சோறு கேக்கல, தண்ணி கேக்கல."

அது சீன ராஜாவின் அரண்மனையில் புழங்கிய பழைய பீங்கான் கிண்ணம். மஞ்சள் மேல் பச்சையில் ஒரு டிராகன், காலுக்கு ஐந்து நகம். ராஜா வீட்டுச் சாமானுக்குத்தான் ஐந்து என்று சொல்லித் தவுக்கே காட்டுக்கு ஓடும்போது கொடுத்துவிட்டுப் போனார். மலாய்க்காரர் சொல்கிறபடி அதை 'நாகா' என்றார். பக்கிரிசாமி நாகம் என்றே எடுத்துக்கொண்டான். குங்குமம் வைத்துக் கும்பிட்டு, வீட்டுப் பின்னால் சும்மா கிடந்த ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளோடு மங்காகக் கவிழ்த்து ஒளித்தான். நாகத்தைச் சீண்டக்கூடாது என்று பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினான். மருதம்மாள் கிழங்கைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

போன மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. பட்டியலில் இருந்த பக்கிரிசாமியின் பெயரைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் கடைசி நேரத்தில் அடித்துவிட்டார். 'என் பால்வெட்டு அப்படி' என்று அவன் லயத்து வீடுகளிலெல்லாம் சொல்லித் திரிந்தான். அவள் ஆமாம் போட்டாள்.

கடைசி மங்கும் வெறும் மங்கு.

தவுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவள் ரெண்டு நாள் தாங்கமாட்டாள், பக்கிரி."

பக்கிரிசாமியின் முகம் கறுத்தது. "பக்கத்து வீட்டுப் பிச்சைதான். முந்தாநாள் இங்கதான் மங்கு பொறுக்கிக்கிட்டு நின்னான். திருட்டுப் பய." பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினான்.

மருதம்மாள் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முகத்தையும் பார்க்கவில்லை, தவுக்கேயின் முகத்தையும் பார்க்கவில்லை.

"பிச்சை அண்ணனை விடுங்க. கிராணி உங்க பேரை அடிச்சது உங்க பால்வெட்டுக்காக இல்ல, நான் குடுத்த நாகத்துக்காக."