கொய்ங்

...ஹெட்போன் வேணாம் சார், ஃப்ரீயா பேசுங்க, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம் என்று சொன்னபோது குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதே வெண்மதிக்கு ஆச்சரியமாக இருந்தது, நடுங்கியிருந்தாலும் அவர் கவனித்திருக்க மாட்டார், இருபது வருசம் இந்த ரேடியோவில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராகக் குப்பை கொட்டிய திருநாவுக்கரசு இன்றைக்கு ரிட்டயர் ஆகிறார், புதுச் சட்டையின் மடிப்புகூட நிமிரவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறார், இந்தப் பக்கம் கன்சோலில் அவள், மற்றவர்களெல்லாம் கேக் வாங்கிவரக் கீழே போய்விட்டார்கள், கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நேரலை, பத்தே நிமிசம், இந்தப் பத்து நிமிசத்துக்காகத்தானே பதினாலு மாசமாகக் காத்திருக்கிறாள், சார் டீ சாப்பிடுறீங்களா, சார் ஃபைல் ரெடி சார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு... இடது கையில் அவர் குரலை ஏற்றி இறக்கும் பொத்தான், வலது கையில் கீபோர்டு, எஃப் ஏழில், கெட்ட வார்த்தையை மறைக்கிற அந்தக் கொய்ங் சத்தத்தைக் காலையிலேயே ஏற்றி வைத்துவிட்டாள்.

தம்பி சேரனுக்குப் பாட்டு எங்கிருந்து வந்ததோ, மீன் ஏலத்தில் கூவிக் கூவித் தடித்துப்போன தொண்டை, ஆனால் இதே அறையில் நின்று 'ஆத்தா வயித்துல மஞ்சத் தண்ணி, யாரு ஊத்துனது கேளு கண்ணே' என்று தம்பி இழுத்தபோது அவளுக்கே சிலிர்த்தது, ஆத்தா என்றால் கடல், மஞ்சத் தண்ணி எந்தக் கம்பெனிக் குழாய் வழியாக வருகிறதென்று குப்பத்தில் நண்டுக்குக்கூடத் தெரியும், திருநாவுக்கரசும் கண்ணை மூடித்தான் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார், பிறகு, பாட்டு அருமைம்மா, அந்த 'யாரு ஊத்துனது'ங்கிறத மட்டும் எடுத்துடு என்றார். பேரே சொல்லலியே சார், கேள்விதானே? கேள்விதாம்மா வம்பு, பேரச் சொன்னா ஒருத்தன் கோவிச்சுப்பான், கேள்வி கேட்டா அத்தன பேரும் கோவிச்சுப்பாங்க. வெட்டி ஒட்டினா தாளம் தட்டும் சார். அப்ப கொய்ங் போட்டுடு... அவ்வளவுதான், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார், அவருக்கு அது அன்றைய பத்தாவது வேலை.

குப்பத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா, வலைக்கூடத்தில் அத்தனை சனமும் கூடி, காலிக் குடத்துக்குள் செல்போனைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்களே, மஞ்சத் தண்ணி... கொய்ங்... கேளு கண்ணே, ஒருத்தன் களுக்கென்று சிரித்தான், பிறகு கூடமே சிரித்தது, என்னா மச்சான், அப்படி என்னா பச்சையா பாடின? இல்ல மாமா, யாரு ஊத்துனதுன்னுதான் மாமா பாடினேன். அடப் போடா, அதுக்குப் போய் எவனாவது கொய்ங் போடுவானா? எத்தனை சத்தியம் செய்தும் ஒருத்தரும் நம்பவில்லை, பொண்ணு பேசி வைத்திருந்த மோனிகாவின் அப்பா, பொம்பளைங்க கேக்கற ரேடியோவுல அசிங்கமாப் பாடற மாப்ள எங்களுக்குச் சரிப்படாது என்று ஆள் விட்டுச் சொன்னார், அன்றிலிருந்து அவன் பேரே கொய்ங்கு, ஏய் கொய்ங்கு, வஞ்சிரம் என்னா வெல, மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிட்டது, அவன் பாடுவதை விட்டான், ரேடியோ பக்கமே போறதில்லடி என்றாள் அம்மா... கொய்ங்கை வைத்தது யார், இந்த விரல்தான், ஆனால் விரலுக்கு என்ன தெரியும், சொன்னது அவர், மாட்டேன் என்றிருந்தால் வேலை போயிருக்கும், அவர்தான், அவரேதான்...

அன்பான நேயர்களே, என்று ஆரம்பித்துவிட்டார், அண்ணாமலை நகர்ல எங்க வீட்டம்மா அமராவதி இப்ப கேட்டுக்கிட்டு இருப்பாங்க, கல்யாணமான புதுசுல அவங்ககிட்ட ஆசையா ஒண்ணு கேட்டேன், என்னன்னா... இடது கை இறங்கியது, வலது விரல் அழுத்தியது, கொய்ங், அவர் கேட்டது வத்தக்குழம்பு, அது கண்ணாடியோடு நின்றது, ஊருக்குப் போனது வேறு, வெண்மதிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது, இனிப்பாக, இப்ப வீட்டம்மா முகத்தைப் பார்க்கணும், அக்கம்பக்கத்து புரொஃபசர் வீடெல்லாம் கேட்கட்டும், அவரும் மார்க்கெட்டுக்குப் போகட்டும், முதுகுக்குப் பின்னால் எவனாவது கூப்பிடட்டும்... கண்ணாடிக்குள்ளிருந்து கட்டை விரலைத் தூக்கி, நல்லா வருதா என்று கேட்டார், அவளும் தூக்கிக் காட்டினாள், சூப்பர் சார். அவர் உற்சாகமாகிவிட்டார். இந்த ஸ்டேஷனுக்கு எத்தனையோ பொம்பளப் பிள்ளைங்க வேலைக்கு வந்தாங்க, எல்லாத்தையும் என் பொண்ணு மாதிரி நினைச்சு... இது வேண்டாம், இது வேறு மாதிரி ஆகிவிடும், வேண்டாம்டி... 'என் பொண்ணு'விலேயே விரல் அழுத்திவிட்டது, கொய்ங், நினைச்சதை விட நீளமாக.

மடியில் செல்போன் அதிர்ந்தது. சேரன். இந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டான், அம்மாவுக்கு ஏதாவதோ என்று தோளில் இடுக்கிக்கொண்டாள்.

யக்கா, ரேடியோ கேட்டுனு இருக்கேன்.

நீயா? நீதான் கேக்கறதே இல்லியே.

தெனம் கேக்கறேன்க்கா, பாட்டுக்கு நடுவுல நீ பேசறல்ல... அது கெடக்கட்டும், அந்தப் பெரியவரு பேச்சுல கொய்ங் வுடறாங்களே, இங்க கூடத்துல எல்லாம் வுழுந்து வுழுந்து சிரிக்கறானுங்க. சத்தியமா சொல்றேன், அவரு ஒண்ணும் தப்பா பேசியிருக்கமாட்டாரு. சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான். நீ உள்ளதானே இருக்க, எவன்க்கா அந்த பட்டன அமுக்கறது?

உன் பாட்டுல கொய்ங் போடச் சொன்னதே இந்த ஆள்தான்டா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள், திருநாவுக்கரசு எதையோ சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டிருந்தார், இடது கை அவர் குரலை ஏற்றவும் இல்லை, மேலும் இறக்க இடமும் இல்லை, ஊருக்கு இப்போது வெறும் இரைச்சல்தான் போய்க்கொண்டிருக்கும்... யக்கா, கேக்குதா? கேட்கிறது, கேட்கிறது, ஆனால் தன் பாட்டை அமுக்கியது யார் என்று இந்தப் பதினாலு மாசத்தில் இவன் ஒருதரம்கூட, பொங்கலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதுகூட, இந்தக் கன்சோலில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தவன், ஒருதரம்கூட அவளிடம் கேட்கவில்லையே, ஏன்...