ஒரு மணிக்கு ஜஸ்லாவின் குரல்

ஸியாமுக்குச் சீனி வருத்தம் என்பது மாத்தளையில் அவன் தெருவுக்கே தெரியும். காலையில் நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிற அவசரத்தில் பகல் சாப்பாட்டை விட்டுவிடுவான் என்பதும் தெரியும். போன புதன்கிழமை கை நடுங்கி, லொறியை வீதியோரம் நிறுத்திவிட்டுக் கிடந்தான். அது மட்டும் வீட்டோடு இருக்கட்டும் என்று அவன் மனைவி ஜஸ்லா நினைத்தாள். அடுத்த வீட்டு றிப்காவுக்குத் தெரிந்த பிறகு எங்கே இருக்கும்?

வீட்டிலிருந்தபடியே ஒரு கொழும்புக் கம்பனிக்கு ஆப் எழுதுகிறவள் ஜஸ்லா. பகல் ஒரு மணிக்குச் சாப்பிடச் சொல்லிக் கூப்பிட, புருஷனுக்கும் ஒன்று எழுதி, அதற்குள் தன் குரலையே வைத்திருந்தாள். ஆனால் புதன்கிழமை அந்தக் குரல் வரவில்லை.

"டிங்னு ஒரு சத்தம்தான் வந்திச்சி. யாரோ மெசேஜ் போட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன்" என்றான் ஸியாம்.

அவள் சோதித்தபோதெல்லாம் ஆப் கண்முன்னே திறந்திருந்தது. அவனோ, பற்றரி போய்விடும் என்று எல்லா ஆப்பையும் தள்ளி மூடிவிடுகிற சுத்தக்காரன். மூடினாலும் பின்னணியில் ஒரு சேவை விழித்திருந்து நேரம் பார்க்கும், பார்த்தது. குரல் கோப்பு மட்டும் ஆப்பின் பொதிக்குள் கிடந்தது. ஆப் மூடியிருக்கையில் தனியே எழும்பிய சேவைக்கு அந்தப் பொதியைத் திறக்க வழியில்லை. கிடைக்காத குரலுக்குப் பதில் போனின் வழக்கமான சத்தத்தை அடித்துவிட்டது.

ஆப்பை முதல் தரம் திறக்கும்போதே குரலைப் பிரதியெடுத்துப் போனின் சேமிப்பில் வைக்கும்படியும், சேவை அதை அங்கேயே தேடும்படியும் மாற்றி எழுதினாள் ஜஸ்லா. ஆப்பை மூடி மூடிச் சோதித்தாள். கடைசியில் குரல் வந்தது, காலை முழுக்க.

"லொறிய நிப்பாட்டுங்க. சோறு சாப்பிடுங்க. டீ குடிச்சிட்டு சாப்பிட்டேன்னு சொல்ல வேணாம்!"

மதிலுக்கு மேலால் றிப்காவின் தலை தெரிந்தது. "என்ன புள்ள, மாப்பிள்ளை இன்னைக்கு லீவா? இப்பிடி ஏசுறியே!"

அன்றிரவே அதை ஸியாமின் போனிலும் ஏற்றினாள். மறுநாள் ஒரு மணி தாண்டி மூன்று நிமிஷம். ஜஸ்லா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். போன் அடித்தது.

"மூடித்தான் வச்சிருந்தேன். அப்பவும் கத்திட்டீங்க மேடம். மரக்கறிக் கடையே திரும்பிப் பாத்திச்சி."

"சாப்பாடு?"

"முன்னால இருக்கு. யாரு அதுன்னு கடை முதலாளி கேட்டாரு. டொக்டர்னு சொல்லிட்டேன்."

"பொண்டாட்டின்னு சொன்னா என்னவாம்?"

"சொல்லத் தேவையில்லையாம். அந்தக் குரல்லயே தெரியுதாம்."

ஜஸ்லா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். சோற்றுக் கோப்பை காலியாகும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.