ஒரே தள்ளு

1

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவன் பினு. அதனாலேயே இதன் மேல் எனக்குச் சந்தேகம். திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் அவன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு என்றால் வேண்டுதல் என்று விட்டிருப்பேன். கூடை நிறைய உடைத்தான். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லே சாரே, வெறுதே" என்றான்.

சும்மா யாராவது ஒரு கூடைத் தேங்காய் உடைப்பார்களா? பிறகு டீக்கடையில் உட்கார்ந்து முழுக் கதையும் சொன்னான். அதில் அவன் ரொம்ப நல்லவனாக இருந்தான். கதை சொல்கிறவனே கதையில் நல்லவனாக வந்தால் நான் உடனே இன்னொரு ஆளைத் தேடிப் போய்விடுவேன். அப்படித் தேடிப் போனதில் கிடைத்தவள், அவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த ரெம்யா. இனி இது அவள் பக்கத்துக் கதை. (அவளையும் நான் முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பாரிஸ் மாநகரம் ரக்பி ஜுரத்தில் தகித்துக்கொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில்—"

நிறுத்திவிட்டேன். நான் பாரிஸ் போனதில்லை. ரெம்யாவும் போனதில்லை. அவள் போவாளா மாட்டாளா என்பதுதான் கதையே.

இரண்டாவது தொடக்கம் உப்புச் சப்பில்லாதது, ஆனால் பொய் இல்லை: கழக்கூட்டத்தில் ஹைவேயை ஒட்டி ஒரு விளம்பரக் கம்பெனி இருந்தது. அதில் தமிழ் எழுத ரெம்யாவை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்பிவிடுவதும் மேலதிகாரி மாளவிகா கையில்.

பிரான்சில் ரக்பி உலகக் கோப்பை நடந்த சமயம் அது. அந்தக் கூட்டத்தைப் பிடித்து நம் நாட்டுச் சுற்றுலாவுக்கு இழுக்க, பாரிசில் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு ஸ்டால் போட்டார்கள். விளம்பர வேலை இந்தக் கம்பெனிக்கு வந்தது. ரக்பியில் இரண்டு அணிக்காரர்களும் தோள் கோத்து, குனிந்து, முட்டித் தள்ளுவார்கள் அல்லவா? அதே மாதிரி மெத்தை வைத்த ஒரு பெரிய பலகை. அதன் மேல் கெட்டுவள்ளம் என்கிற கேரளப் படகு வீட்டின் படம். வருகிறவர்கள் அதைத் தள்ள வேண்டும். நன்றாகத் தள்ளினால் பரிசு. பலகைக்குத் தமிழில் ஒரு வரி வேண்டும்.

ரெம்யா எழுதினாள்: "இந்தியா! ஒரே தள்ளு!"

தமிழ் வாசகருக்கு இதில் ஒன்றும் உறுத்தாது. ஒரு தள்ளு தள்ளினால் இந்தியா வந்துவிடலாம், அவ்வளவுதான். ஆனால் மலையாளத்தில் இன்றைக்குத் 'தள்ளு' என்றால் புளுகு, வெட்டி ஜம்பம். அந்தக் காதுக்கு இதே வரி, இந்தியா என்றால் வாயெல்லாம் புளுகு என்று கேட்கும்.

3

இங்கேதான் நான் ரெம்யாவைச் சந்தேகிக்கிறேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். அவளுக்கா தெரியாது?

அவள் சொன்ன காரணம் இது. அவளுடைய அப்பா ராஜையனிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும்போது சொல்லிவைத்தாற்போல் மக்கர் பண்ணும். நல்ல சேலை கட்டிய அம்மா ஜெயபாய் இறங்கி, பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திச் சத்தம் போடுவாள்: "ஒரே தள்ளு மக்களே! பொறவு எங்கயும் நிக்காது!" வண்டியும் கிளம்பிவிடும். பலகைப் படத்தைப் பார்த்ததும் ரெம்யாவுக்கு அந்தச் சத்தந்தான் வந்தது. எழுதி முடித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றாள்.

(நம்புகிறேன். ஆனால் ஜீப்பைப் பற்றி பினு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?)

அந்த வரி அவளோடு நிற்கவில்லை. சரிபார்த்தவன் பினு, நெய்யாற்றின்கரைக்காரன், இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. படித்துவிட்டுச் சிரித்தான். "அடிபொளி" என்றான், பிரமாதம் என்கிற மாதிரி. ஒப்புதல் கொடுத்தவள் மாளவிகா. திருவனந்தபுரம் கோட்டைக்குள் தமிழ் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள், காலேஜில் மலையாளப் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவள். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு மொழி, இருந்தும் ஒருவருக்கும் கேட்கவில்லையாம்.

4

ஸ்டாலில் மைக் பிடித்த பெண் "இந்தியா! ஒரே தள்ளு!" என்று கத்தும் வீடியோ ஊர் முழுக்கப் பரவியது. நாடே தன் புளுகை ஒத்துக்கொண்டுவிட்டது என்று மலையாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாளவிகா இருவரையும் கூப்பிட்டாள். "இது எப்படி நடந்தது? நேக்கு உண்மை வேணும்."

"தெரியாம நடந்துபோச்சு மேடம்" என்றாள் ரெம்யா.

"எனக்கும் ஸ்ட்ரைக் ஆகல்ல மேடம், சத்தியமாட்டு" என்றான் பினு.

"நான் லே-அவுட்டை மட்டுந்தான் பார்த்தேன்" என்றாள் மாளவிகா, யாரும் கேட்காமலே.

அன்று சாயங்காலம் ரெம்யாவுக்கு அழுகை முட்டியது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பினுவின் சிரிப்பு இன்னொரு பக்கம். எதற்குச் சிரித்தான்? தெரிந்தே தன்னைக் குழியில் இறங்க விட்டானா?

5

பிறகு காற்று மாறியது. பாரிசில் பலகையைத் தள்ள வரிசை தெரு முனையைத் தாண்டியது. தமிழர்கள் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர்களும் "ஒரே தள்ளு" என்று கத்தித் தள்ளினார்கள். இரட்டை அர்த்தம் சுற்றுலாத் துறை மேலிடத்துக்கு எட்டியது. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் நாடு, என்ன ஒரு நயம் என்று பாராட்டு வந்தது. அந்த வரியை யோசித்தவரை இறுதிப் போட்டிக்குப் பாரிஸ் அனுப்பச் சொல்லி மெயிலும் வந்தது.

மாளவிகா மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை காபி வரவழைத்தாள்.

"ரெண்டு பேர்ல யார் தெரிஞ்சு பண்ணினேள்? சொல்லுங்கோ. போறவாளுக்கு இங்கேயும் வேலை நிரந்தரம்."

பினு முந்திக்கொண்டான். "எனக்கு அப்பவே மனசிலாச்சு மேடம். வேணும்னே விட்டேன். சிரிச்சேனே, ரெம்யா கண்டதல்லே?"

ரெம்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவன் இப்போது சொல்வது உண்மை என்றால் அன்று துரோகம் செய்திருக்கிறான். அன்று சொன்னது உண்மை என்றால் இன்று திருடுகிறான். இரண்டில் எது என்று அவன் முகத்தில் தேடினாள். அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

6

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

ரெம்யா, "எனக்கும் தெரியும் மேடம், தெரிஞ்சுதான் எழுதுனேன்" என்கிறாள். பாரிஸ் போகிறாள். ஊருக்கு வந்ததும் ஜெயபாய் கேட்கிறாள்: "அப்போ நீ எனக்க பேச்சை வச்சா களியாக்கின பிள்ளே?" தன் பேச்சையா கேலி ஆக்கினாய் என்று கேட்கிறாள். இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

இன்னொன்று: ரெம்யா வாய் திறக்காமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்த நடையோடு மழையில்— சே! வாடகை யார் கொடுப்பது?

பினு மனம் திருந்தும் முடிவும் ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

7

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதாவது, நடந்ததாக ரெம்யா சொன்னதை.

அவள் காபியைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியாது மேடம். அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். அது எழுதும்போ எனக்கு மலையாளமே கேக்கல்ல. எங்கம்மைக்க சத்தந்தான் கேட்டுது."

பாரிஸ் அந்த வாக்கியத்தோடு போயிற்று என்று அவளுக்குத் தெரியும். இத்தனை காலம் இரண்டு காதோடு வாழ்ந்தவளுக்கு ஒரு காது அடைத்துப்போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகு பயம் கொஞ்சம் விட்டது. அந்தத் தைரியத்தில் கேட்டாள்:

"நீங்க ஓகேன்னு போட்டப்போ உங்களுக்கு என்ன கேட்டுது மேடம்?"

பினு கப்பை வைத்துவிட்டான். மாளவிகா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. மாளவிகாவுக்கு முன்பே தெரியும் என்றால், சறுக்கும்போது பழி போட ஒப்பந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதியில் ஒப்புதல் கொடுத்திருக்கிறாள். தெரியாது என்றால், ரெம்யாவை அனுப்பிவிட அவளுக்கு எந்த நியாயமும் இல்லை.

மாளவிகா பதில் சொன்னாள் என்கிறான் பினு. சொல்லவில்லை என்கிறாள் ரெம்யா. மாளவிகாவிடம் கேட்கப் போனேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவள் பதிலை நானே இரண்டு விதமாக எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். ரெம்யாவின் வேலை அந்தப் பதிலில் இருக்கிறது. எனக்குக் கை ஓடவில்லை.

மாளவிகாவின் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ரெம்யா எதிரில் நிற்கிறாள், கண்ணை எடுக்காமல். உங்களுக்கு என்ன கேட்டது? அவளிடம் சொல்லுங்கள். நான் நம்புவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.