திரும்பி வந்ததும்

எங்கள் ஆலோசனை நிறுவனத்தில் விற்பது மனிதர்களைத்தான். சோப்பு, சீப்பு என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் புரொபோசலின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு ஆலோசகரின் படமும் அறிமுகமும் மெயில் முகவரியும் போடுவோம். மார்க்கெட்டிங்கில் அவற்றை எழுதுபவள் நான். எல்லாம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. செய்கிறார், வழிநடத்துகிறார். தப்பித்தவறி 'செய்தார்' என்று வந்தால் மேலாளர் சிவப்பில் சுழித்துவிடுவார். கமாவுக்குக்கூடச் சண்டை பிடிப்பதால் அவருக்குப் பெயரே கமாதான்.

என் கணவரும் அங்கேதான் ஆலோசகர். வேலையாக வெளியூர் போன இடத்தில் மாரடைப்பு. போன வருஷம். சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், செருப்பைக்கூட. அந்த அறிமுகத்தில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை. வழிநடத்துகிறார், வழிநடத்துகிறார் என்று இருந்துகொண்டே இருந்தார். புரொபோசல் அனுப்பும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்புவேன். போன வாரம் அவசரத்தில் மறந்து தொலைத்தேன்.

வேலை எங்களுக்கே கிடைத்தது. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா போனில் வந்தார். கமா ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க ஆளுங்கள்ல இவரைத்தான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எப்ப வருவார்?" என்று என் கணவர் பெயரைச் சொன்னார்.

கமா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன்.

"அவர் இறந்துட்டாருங்க."

"என்னம்மா விளையாடறீங்க? காலையிலதான் மெயில் போட்டேன். திரும்பி வந்ததும் பேசறேன்னு உடனே பதில் வந்துச்சே!"

அது கடைசிப் பயணத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த தானியங்கிப் பதில். "ஊர்ல இல்லைன்னு மொட்டையா போடாதீங்க, அன்பா ஒரு வரி சேருங்க" என்று நச்சரித்ததும் நான்தான். யாரும் அதை நிறுத்தவில்லை.

"நீயே மாத்தும்மா. வேற யாரும் தொட வேண்டாம்" என்றார் கமா.

கம்ப்யூட்டர் பிரிவில் அவருடைய மெயில் கணக்கைத் திறந்து கொடுத்தார்கள். அந்த வரியை அழித்துவிட்டு, 'அவர் காலமானார்' என்று அடித்தேன். கமா எட்டிப் பார்த்தார். சுழிக்கவில்லை.

எதை மாற்றினாலும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பழக்க தோஷத்தில் அவருக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு பதில் வந்தது. மேலே, அறிமுகத்துக்காக நான் எடுத்த அவர் படம். "சிரிக்காதீங்க, க்ளையன்ட் ஓடிடுவான்" என்றதும் இன்னும் பெரிதாகச் சிரித்தாரே, அது. பக்கத்தில் அவர் பெயர். கீழே, அவர் காலமானார்.

டாக்டர் சொன்னார், கொழுந்தன் சொன்னான். அவரே சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.