துடைத்து வைத்த ரிவால்வர்

காவல்துறை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரருக்கு, முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் வைத்திருந்த பெயர் எண்ணெய்ச்சட்டி. மனிதருக்கு அழுக்கு என்றாலே ஆகாது. கைக்கு எந்த ஆயுதம் வந்தாலும் முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. இரண்டாவது வேலை, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்து, துணியால் துடைத்து, எண்ணெய் விடுவது. என்ன கோளாறு என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். குளிப்பாட்டாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பழக்கத்தால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

திங்கட்கிழமை காலை தட்டில் நான்கு ரிவால்வர்கள் வந்திருந்தன. வருடாந்திரச் சோதனைக்கு வந்தவை என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவதை எடுத்து, சிலிண்டரைத் திறந்து, சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் பிரஷ்ஷை விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். கருகிய மருந்துத் துகள், உறையின் தோல் பிசிறு என்று அந்த இடத்தில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். துடைத்து முடித்துத் தட்டில் வைக்கும்போதுதான், தட்டின் அடியில் நூலறுந்து கிடந்த அட்டை கண்ணில் பட்டது. "டிரிக்கர் சிக்கியதாகப் புகார். இருக்கிற நிலையிலேயே பரிசோதித்து அறிக்கை தரவும்" என்று எழுதியிருந்தது. கீழே இருந்த எண், கையிலிருந்த ரிவால்வரின் எண். அதை வைத்திருந்தவர் அவருடைய தங்கை புருஷன்.

வெள்ளிக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். கடைவீதியில் கத்தியோடு நின்ற ஒருவனைப் பிடிக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் போனார்கள். ஒருவர் கிட்டே நெருங்கினார். நாலு எட்டுத் தள்ளி மாப்பிள்ளை ரிவால்வரை நீட்டிக்கொண்டு நின்றார். கத்தி இறங்கியது. குண்டு வரவில்லை. கிட்டே போனவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். இரண்டு தடவை இழுத்தேன், டிரிக்கர் கல்லு மாதிரி நின்றுவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். பயந்து மரம் மாதிரி நின்றான் என்று கடைவீதி சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்படிப்பட்ட ஆயுதம் உறையிலிட்டு, முத்திரை வைத்து, ஆள் கையோடு வர வேண்டும். எந்தப் புண்ணியவானோ மற்றதோடு சேர்த்துத் தட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனைத் திட்டித் தீர்த்தார் ஆர்மரர். திட்டி முடித்ததும், துடைத்தது தன் கை என்பது மிச்சம் நின்றது.

வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு டிரிக்கரை இழுத்தார். வெண்ணெயாக வந்தது. நூறு தடவை இழுத்தார், நூறு தடவையும் வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினார். ஸ்பிரிங் சரி, திருகுகள் சரி, கூடுகளைத் தள்ளும் கம்பியும் தளராமல் சரியாகவே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கியில் குறை கிடைக்காதா என்று ஏங்கினார். மீதி இருந்தது அந்த நட்சத்திரத் தகடு ஒன்றுதான். அதன் அடியில் ஒரு துகள் நின்றாலே போதும், சிலிண்டர் இறுகிவிடும், பயில்வான் விரலுக்கும் டிரிக்கர் அசையாது. துடைத்த துணியை விரித்து லென்ஸை வைத்துப் பார்த்தார். மூன்று ரிவால்வர்களின் கரியும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அதில் எது எதனுடையது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

ஒரு துகளைக் குறட்டால் எடுத்துத் தகட்டுக்கு அடியில் வைத்து இழுத்துப் பார்த்தார். டிரிக்கர் கல்லு மாதிரி நின்றது. அப்படியே விட்டுவிட்டு, சிக்குகிறது என்று எழுதினால் மாப்பிள்ளை பிழைத்துவிடுவார். ஐந்து நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு துகளைத் தட்டிவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினார். பரிசோதிக்கும் முன்னால் தெரியாமல் துடைத்துவிட்டேன், அதனால் சிக்கியிருக்கலாம், சிக்காமலும் இருந்திருக்கலாம் என்று.

அறிக்கை கேட்டிருந்த அதிகாரியம்மா அதை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தக் கான்ஸ்டபிள் உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப இதைப் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருஷம் ஆர்மரர் சேர்த்துவைத்த நல்ல பெயர் ஒரே கேள்வியில் காலாவதியாகிவிட்டது. ரிவால்வர் தலைமைக் கிடங்குக்குப் போனது. அங்கேயுள்ள ஆர்மரர் பார்த்துவிட்டு, டிரிக்கரில் எந்தக் குறையும் இல்லை, நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஆயுதம் என்று எழுதி அனுப்பினார்.

புதன்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கதவைத் திறந்து வழிவிட்டாள். சோறு போட்ட தட்டு தொடாமல் ஆறிக்கிடந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். அறிக்கை விஷயம் ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது.

ஆர்மரர் எல்லாவற்றையும் சொன்னார். தட்டு, பிரஷ், நூலறுந்த அட்டை, வைத்துப் பார்த்த துகள், ஒன்றையும் விடவில்லை. தப்பு தன்னுடையது, டிரிக்கர் சிக்கியிருக்கத்தான் வேண்டும் என்று பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிட்டார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மச்சான். உங்களுக்கு அது வராது."

"பொய் இல்ல மாப்பிள்ளை. சத்தியமா துடைச்சுட்டேன்."

"இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. "மொத ரெண்டு நாள் நானும் சிக்கிடுச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். யோசிக்க யோசிக்கத்தான் தெளிவா ஞாபகம் வருது. நான் இழுக்கவே இல்ல மச்சான்."