ஈரத்தில் வெட்டிய முடி

என் சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளைக் கண்ணாடியில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவளேதான். என் மகளைப் பள்ளிச் சுவரோடு சாய்த்துப் படமெடுத்து, வகுப்பு முழுக்க அனுப்பிய சுருட்டைமுடிக்காரி. வகுப்புப் படத்தில் பார்த்து அவளை எனக்குத் தெரியும்; என்னை அவளுக்குத் தெரியாது.

அவளும் அவள் கூட்டாளிகளும் என் மகளை முதலில் நெட்டைக்கொக்கு என்றார்கள். தினம் தினம் கேட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் தன் முடியைத் தானே பிடுங்க ஆரம்பித்தாள். உச்சியில் வெறும் தோல் தெரிந்ததும் மொட்டைச்சி என்றார்கள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவள் நான். என் பிள்ளை மட்டும் தலையைத் தொட விடமாட்டாள். சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, பள்ளியும் நின்றது. மனநல மருத்துவர் பேசிப் பேசித்தான், வரும் திங்கட்கிழமை போகிறேன் என்று சம்மதித்திருந்தாள்.

"ஆன்ட்டி, தோள் வரைக்கும் வேணும். அதுக்கு மேல ஏறவே கூடாது," என்றாள் சுருட்டை.

"நீ சொல்ற இடத்துலயே வெட்டுறேன்மா."

உதட்டில் தேன், உள்ளே விஷம். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரத்தில் இழுத்து வெட்டினால் காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறிவிடும். கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். சொட்டச் சொட்ட நனைத்தேன். சீப்பால் இழுத்துப் பிடித்து, தோளில், நூல் பிடித்தாற்போல வெட்டினேன்.

"சூட்டுல காயவெச்சா முடி கெட்டுடும். வீட்ல தானா காயட்டும்."

"சூப்பர் ஆன்ட்டி!"

அவள் போனதும் தரையைக் கூட்டினேன். வினை விதைத்தவள் அறுக்கட்டும் என்று பாட்டே வந்தது எனக்கு.

வீட்டில் மகள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்நேரம் காதுக்கு மேல ஏறியிருக்கும்டி! இனிமே அவளுக்கு என்ன பேரு வைக்கிறாங்கன்னு பாரு."

அவள் சிரிக்கவில்லை. "அது யாரு கடைன்னு அவ விசாரிக்க மாட்டாளாம்மா?"

"விசாரிக்கட்டுமே! என்னை என்ன கிழிச்சிடுவா?"

"உன்னை ஒண்ணும் பண்ணமாட்டா. ஸ்கூலுக்குப் போறது நீ இல்லையே."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பாதி தேய்த்த சீருடையை அப்படியே சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.