ஓட்டைத் தொட்டிக் கணக்கு

மிதந்து வந்த மரக்கட்டை மோதியபோது பெரிய சத்தம் இல்லை. அலைதான் தெறிக்கிறது என்று மூவரும் நினைத்தோம். பத்து நிமிடத்தில் படகுக்குள் எட்டு விரற்கடைத் தண்ணீர்.

"ஏ ரோசென்டா, கேனை எடு! இறை!" என்று கத்தினார் படகோட்டி திபோ.

ரோசென்டா என் பழைய மாணவி. செபு தீவுச் சந்தையில் கருவாடு விற்கப் போய்க்கொண்டிருந்தாள். நாலு மாதக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, வாய் வெட்டிய எண்ணெய் கேனை எடுத்தாள். என் மனைவி மெலிண்டா இறந்ததிலிருந்து நான் யார் குழந்தையையும் தூக்கியதில்லை. பிடித்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நிமிடம் அவள் விடாமல் இறைத்தாள். கையை விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு.

"கணக்கு வாத்தியார்தானே, சொல்லுங்க சார். போறதா, திரும்புறதா?" என்றார் திபோ.

"என்ஜின் எவ்வளவு தாங்கும்?"

"பதினாறு விரல் ஏறினா நின்னுரும்."

"கரைக்கு?"

"முன்னால இருபத்தஞ்சு நிமிஷம். பின்னால நாப்பது."

என்ஜின் நிற்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நின்றால் நீரோட்டம் எங்களைத் திறந்த கடலுக்கு இழுத்துவிடும். படகில் மிதவைச் சட்டை ஒன்றுகூட இல்லை.

"இதைத்தான சார் எட்டாவதுல நடத்துனீங்க," என்றாள் ரோசென்டா, இறைத்துக்கொண்டே. "குழாய் நிரப்பும், ஓட்டை காலி பண்ணும். ஓட்டைய மொதல்ல அடைச்சா என்னன்னு கேட்டேன். வெளிய நிக்க வச்சீங்க."

"அடைக்க முடியாதா?" என்று திபோவிடம் கேட்டேன்.

"அடிப்பலகை நீளத்துக்குப் பொளந்திருக்கு. எதை வச்சு அடைக்க? உங்க டிகிரிய வச்சா?"

பேனாவை எடுத்துப் பலகையில் எழுதினேன். யாரும் இறைக்காதபோது பத்து நிமிடத்துக்கு எட்டு ஏறியது. ஒருத்தி இறைத்தபோது நாலு. ஆக, ஓர் ஆள் வெளியேற்றுவது நாலு. நேரத்தை x என்று வைத்தேன். தப்பு. அது எப்போது மூழ்குவோம் என்று மட்டும்தான் சொல்லும். அடித்துவிட்டு, இறைக்கும் ஆட்களை x என்று வைத்தேன்.

8 − 4x = 0.

"என்ன சார் வந்துச்சு?" என்று கேட்டார் திபோ.

"ரெண்டு."

"ரெண்டுன்னா? மணியா, மைலா?"

"ஆளு."

முன்கரையை நோக்கி ஓட்டும் திபோ சுக்கானை விட முடியாது. ரோசென்டா ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அவளுடைய துண்டால் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். இன்னொரு கேன் இல்லை. திபோவின் சோற்றுப் பானை இருந்தது. சோற்றைக் கடலில் கொட்டினேன்.

"யோவ் சார்! அதுல மீனும் இருந்துச்சு!"

இறைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரோசென்டாவின் கை தளர்ந்தது. நான் எழுதியதில் அதற்கு இடமில்லை.

"நிறுத்தாத," என்றேன்.

"நீங்க நிறுத்தாதீங்க. எனக்குப் பழக்கம்."

கையை விட்டுப் பார்த்தேன். பதிமூன்று. வெகுநேரம் கழித்துப் பார்த்தபோதும் பதிமூன்று.

கரையில் தென்னைகள் தனித்தனியாகத் தெரிந்தன. குழந்தையைக் கட்டியிருந்த நெஞ்சில் சூடாக ஏதோ இறங்கியது. கடல்தண்ணீருக்கு அந்தச் சூடு கிடையாது. வயிறு வழியாக ஓடிப் படகுக்குள் சொட்டியது.

ரோசென்டா பார்த்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், இப்ப இதையும் சேத்துல்ல போடணும்."

"போட்டுக்கலாம். நீ இறை."

அடிப்பலகை மணலில் உரசும்வரை இருவரும் நிறுத்தவில்லை.